இருபத்தெட்டுப் பூச்சு

தூத்துக்குடி மணல்மேட்டுத் தெருவில் கதவுகள் பேச ஆரம்பித்தது ஒரு புரட்டாசி மாதத்து மத்தியானம். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது, அந்தத் தெருக்காரர்களும் கேட்டுக்கொள்ளவில்லை. கடலுக்கு நாலு எட்டு தள்ளியிருக்கிற தெரு அது, உப்புக்காற்று ஆணியைத் தின்னும், கம்பியைத் தின்னும், சைக்கிள் பெல்லைக்கூட விடாது, அதனால் ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வீடு கதவுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், பழையதைச் சுரண்ட மாட்டார்கள், உப்புத்தாள் போட மாட்டார்கள், அதன் தலைமேலேயே அடிப்பார்கள், ஏனென்றால் சுரண்டினால் ஒரு நாள் போய்விடும், அந்த ஒரு நாளில் கேக்குக்கு முந்திரி உடைக்கலாம், பிள்ளைகளுக்குத் துணி எடுக்கலாம். இப்படி வருஷா வருஷம் தலைமேல் தலை வைத்து அடித்ததில் அந்தத் தெருவில் ஒரு கதவும் ஒழுங்காக மூடாது. விருந்தாளி வந்தால் தோளால் இடித்துத் திறப்பார்கள், போனால் காலால் உதைத்து மூடுவார்கள்.

முதலில் பேசியது டெய்சி டீச்சர் வீட்டு ஜன்னல். ரிட்டையர் ஆன கணக்கு டீச்சர், சும்மா இருக்கத் தெரியாத மனுஷி. மூடாத ஜன்னலுக்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று பெங்களூர் மகன் அனுப்பிய ஹீட் கன்னை, தலைமுடி காயவைக்கிற மெஷினுக்குக் கோபம் வந்த மாதிரி இருக்குமே அந்தச் சாமானை, நேரே பிடித்தார். பத்து வருஷமாக மறுபூச்சு காணாத பச்சைப் பெயிண்ட் அப்பளமாகக் கொப்புளித்தது, கொப்புளம் வெடித்தது, வெடித்த இடத்திலிருந்து ஒன்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன அவர் வீட்டுக்காரர், "ஏடே, பால்ல தண்ணிய கலந்தியா, தண்ணியில பால கலந்தியா?" என்று பால்காரரைக் கேட்டார். டீச்சர் மெஷினை அணைத்தார். உள்ளே போய்க் காப்பி போட்டார், ரெண்டு தம்ளரில். ஒன்றை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறுபடியும் சுவிட்சைப் போட்டார்.

ஒரு வாரத்துக்குள் தெருவுக்கே விவரம் பிடிபட்டுவிட்டது. ஒரு பூச்சு அடித்த நாளிலிருந்து அடுத்த பூச்சு அடிக்கிற நாள் வரைக்கும் அந்தக் கதவுக்கு முன்னால் யார் என்ன பேசினாலும் அது அந்தப் பூச்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, சூடு காட்டினால் வெளியே வருகிறது, ஒரே ஒரு தடவைதான் வரும், கேட்டவர் கேட்டதுதான். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் காட்டிப் பார்த்தார்கள், இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள், அதற்கெல்லாம் பெயிண்ட் மசியவில்லை. ஹீட் கன்னுக்குத்தான் வாய் திறந்தது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கல்யாணத் தரகர்கள் பையன் வீட்டுக்குப் போனதும் ஜாதகம் கேட்காமல் கதவைக் கேட்டார்கள். தெரு நலச் சங்கத்து ஆபீஸில் ராத்திரியோடு ராத்திரியாக மரக்கதவைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசையில், பாவசங்கீர்த்தனம் கேட்கிற கூண்டுப் பக்கம் யாரும் அந்த மெஷினோடு வரக்கூடாது என்று அறிவித்தார், அறிவித்த கையோடு ஆசாரியைக் கூப்பிட்டு அதை மேலிருந்து கீழ்வரை இழைக்கச் சொல்லிவிட்டார். சண்டை வராமலா இருக்கும், வந்தது. மாமியார் மருமகள் சண்டை, பங்காளிச் சண்டை, யார் வீட்டுக் கோழியை யார் அடித்துத் தின்றார்கள் என்கிற பதினாறு வருஷத்துச் சண்டை. ஆனால் ஒரு மாதத்தில் எல்லாம் பழகி, அதற்கென்று முறைகளும் வந்துவிட்டன. கதவைச் சுட ஆரம்பிப்பதற்கு முன்னால் மூன்று தட்டு தட்டி அனுமதி கேட்க வேண்டும். தனியாகச் சுடக்கூடாது, பக்கத்தில் ஒருத்தர் துணைக்கு உட்கார வேண்டும். வீட்டு ரகசியம் ஏதாவது வெளியே வந்தால் துணைக்கு வந்தவர் பேசாமல் எழுந்து போய்விட வேண்டும், கேட்டதைத் தெருவில் சொல்லக்கூடாது. சொல்லாமலா இருப்பார்கள்! இருந்தாலும் முறை என்று ஒன்று வேண்டுமில்லையா.

இந்தத் தெருவில் பன்னிரண்டாம் நம்பர் வீடு செரபீனாவுடையது. ஐம்பத்தொரு வயது. பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை. காலையில் ஆறு மணிக்குப் போனால் சாயங்காலம் நாலு மணிக்கு வருவாள். அவள் அம்மா அப்பா வீடு அது. புருஷன் கஸ்பார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர், கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டோடு வந்துவிட்ட மாப்பிள்ளை. சத்தமாக ஒரு பேச்சு பேச மாட்டார், பீடி கிடையாது, பிராந்தி கிடையாது, மீன் வாங்கினால் அவரே கழுவித் தருவார். "கஸ்பார் மாதிரி ஒரு மனுஷன்" என்று தெருப் பெண்கள் தங்கள் புருஷன்மாரைத் திட்டுவதற்கு அவரைத்தான் எடுத்துப் பேசுவார்கள். அப்பா காலத்தில் அந்தக் கதவுக்கு எண்ணெய் தேய்ப்பதோடு சரி. கஸ்பார் வந்தபிறகுதான் பெயிண்ட். வேறு எதில் கை சுருக்கினாலும் இதில் சுருக்க மாட்டார், உசத்தியான பெயிண்டாக வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு வருஷம் தவறாமல் தன் கையால் அடித்துவிடுவார். இருபத்தெட்டு வருஷம், இருபத்தெட்டுப் பூச்சு.

செரபீனாவுக்கு அதில் ஒரே ஒரு பூச்சுதான் வேண்டியிருந்தது. மேலிருந்து எண்ணினால் இருபத்திநாலாவது.

அவளுக்கு ஒரு தங்கச்சி, மர்செலின். எட்டு வயது இளையவள், இவள் இடுப்பிலேயே வளர்ந்தவள். இருபத்திநாலு வருஷத்துக்கு முன்னால், லாரி ஓட்டுகிற ஒருத்தனை, சாதியும் வேறு சாமியும் வேறு, கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. செரபீனாவுக்கு அப்போது வாயில் என்ன வருகிறது என்றே தெரியவில்லை. "இனிமே இந்த வாசப்படிய மிதிச்ச, நான் உனக்கு அக்கா இல்ல" என்று கத்தினாள். மர்செலின் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது செரபீனாவின் அழுகையிலேயே அமுங்கிவிட்டது. போனவள் போனவள்தான்.

ஒரு வாரத்தில் கோபம் போய்விட்டது, இருபத்திநாலு வருஷமாக வருத்தம் போகவில்லை. எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. கஸ்பார் ரெண்டு தடவை லீவு போட்டுத் தேடிப் போனார், ரெண்டு தடவையும் தூசியும் தும்புமாகத் திரும்பி வந்து, "எங்கயும் கிடைக்கல செரபி" என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அவள் அவருக்குக் கால் பிடித்துவிட்டாள். எப்படிப்பட்ட மனுஷன் எனக்கு வாய்த்தான் என்று அன்றைக்குக் கடவுளுக்கு நன்றி சொன்னாள், முட்டாள்.

ஆக, போகிறபோது தங்கச்சி சொன்னது என்ன என்று தெரிய வேண்டும். அது இருபத்திநாலாவது பூச்சில் இருக்கிறது. இதுதான் விஷயம்.

ஹீட் கன் வாங்க லிகோரி அண்ணாச்சி கடைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போனார்கள். அண்ணாச்சி கடையில் முன்பெல்லாம் ஆணியும் தாழ்ப்பாளும்தான் போகும், இப்போது டாக்டரிடம் நிற்பது போல வரிசை நின்றது, அவரும் டாக்டர் மாதிரியே கேட்டார்.

"எத்தன பூச்சு, அக்கா?"

"இருவத்தெட்டு."

"அதுல எது வேணும்?"

"இருவத்திநாலாவது."

அண்ணாச்சிக்கு விஷயம் தெரியும். தெருவில் யாருக்குத்தான் தெரியாது. அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து சாமானை எடுத்து வரிசையாக வைத்தார்.

"இந்தா, இந்தச் சிவப்பு. ரெண்டே சுவிட்சு. போட்டா எடுத்ததும் ஐநூறு டிகிரி, அதுக்குக் கீழ இறங்காது. சும்மா கதவு மூடணும், பேச்சு ஒண்ணும் வேண்டாம்னு நினைக்கவங்களுக்கு இது. இருவத்தெட்டும் ஒண்ணாக் கொதிக்கும், மீன் ஏலம் மாதிரி அத்தன வருஷமும் ஒரே நேரத்துல கத்தும், எது யாரு சத்தம்னு தெரியாது, அத்தோட போச்சு. இந்தா, இது நீலம். திருகு இருக்கு பாத்தியளா, அம்பதுலேருந்து அறுநூறு வரைக்கும் நம்ம இஷ்டத்துக்கு வச்சுக்கிடலாம். இருநூத்தம்பதுல வச்சு, ரெண்டு விரக்கட தள்ளிப் பிடிச்சு, ஒரே இடத்துல நிறுத்தாம ஆட்டிக்கிட்டே இருந்தா மேல்பூச்சு மட்டும் இளகும். இளகினதும் தட்டையான சுரண்டிய வச்சு வழிச்சிரணும். வெங்காயம் உரிக்க மாதிரி ஒவ்வொண்ணா வரலாம். நேரம் ஆகும். ஆனா பேச்சு சுத்தமா வரும். முகத்துக்குத் துணி கட்டிக்கிடுங்க, பழைய பெயிண்ட்டுப் புகை நெஞ்சுக்கு ஆகாது."

"நீலந்தான்" என்றாள் செரபீனா.

"சிவப்பே போதும்லா" என்றார் கஸ்பார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் சிவப்பைக் கையில் எடுத்து எடை பார்க்கிற மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி இப்பத்தான சொன்னாவ, எல்லாம் ஒண்ணாக் கத்தும்னு."

"கத்தட்டுமே. ஒத்தக் கதவுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும். பழசக் கிளறி என்ன செய்யப் போற, செரபி? நெஞ்சுதான் வலிக்கும். இல்லன்னா ஒண்ணு செய்வோம், கதவையே மாத்திருவோம். நல்ல பிளாஸ்டிக் கதவு வந்திருக்காம், உப்புக்காத்துக்கு ஒண்ணும் ஆகாதாம்."

என் மேல் எவ்வளவு பிரியம் பாருங்கள், நான் அழுதுவிடக்கூடாது என்று பார்க்கிறார், என்று செரபீனா நினைத்தாள். லிகோரி அண்ணாச்சி மட்டும் கஸ்பாரை ஒரு பார்வை பார்த்தார்; கடைக்காரர் இல்லையா, வருகிறவர்களில் யார் எதைக் கேட்கப் பயப்படுகிறார்கள் என்று ஒரு மாதமாகப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தேர்ச்சி வந்திருந்தது. நீலம் அன்றைக்குக் கையிருப்பில் இல்லை, காட்டுவதற்கு வைத்திருந்த ஒன்றுதான். வியாழக்கிழமை சரக்கு வரும் என்றார். வியாழக்கிழமையே ஆகட்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் விடுதியிலிருந்து திரும்பி வருகிறவளுக்குத் தெருமுனையிலேயே காது அடைத்தது. ஒரு பெரிய இரைச்சல், நாய் குரைப்பு, கோழிக் கேறல், விளக்குமாறு சத்தம், ஏதோ ஒரு குழந்தையின் மழலை, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அவள் வீட்டு வாசலிலிருந்து வந்தது. கஸ்பார் கதவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கையில் சிவப்பு ஹீட் கன். கதவின் அடியில் ஒரு முழ உயரத்துக்குப் பெயிண்ட் கரிந்து, கறுத்து, பொத்தல் பொத்தலாக நின்றது.

அவள் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்ன செஞ்சிய?"

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு…" அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "நீ வேலைக்குப் போயிட்டு அலுத்து வருவ, அதுக்குள்ள முடிச்சிரலாம்னு."

"உங்ககிட்ட யாரு கேட்டா?"

டெய்சி டீச்சர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பெருசா ஒண்ணும் போயிரல செரபீனா. கீழ ஒரு முழத்துல நாயும் கோழியும் தவழுத பிள்ளையளுந்தான் பேசியிருக்கும். நின்னு பேசுனவங்க பேச்சு மேலதான் இருக்கும்" என்றார்.

அன்றைக்குச் செரபீனா சோறு போட்டாள், கஸ்பார் சாப்பிட்டார். எந்த மெஷின் என்ன செய்யும் என்று அவள் பக்கத்தில் நின்றுதானே அவரும் கேட்டார், தெரிந்தே எப்படிச் சிவப்பை வாங்கினார் என்பது மீன் முள்ளாக அவள் தொண்டையில் நின்றது. இவள் வயிற்றில் பிள்ளையே தங்கியதில்லை, அப்படியிருக்க வாசலில் தவழ்ந்த குழந்தை யாருடையது என்றும் ஒரு முள். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு படுத்தாள்.

வியாழக்கிழமை சிவப்பை எடுத்துக்கொண்டு போனாள். சூடு பட்ட சாமானைத் திரும்ப எடுக்கிற வழக்கம் அண்ணாச்சிக்குக் கிடையாது. அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வாங்கி உள்ளே வைத்துவிட்டு நீலத்தைக் கொடுத்தார். "பொறுமையா ஆட்டுங்க அக்கா. எது வந்தாலும் கைய எடுத்துராதிய. பாதியில நிறுத்துனா மிச்சம் கெட்டியாயிரும்."

சனிக்கிழமை காலையில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, தன் வீட்டுக் கதவையே மூன்று தட்டு தட்டினாள். டெய்சி டீச்சர் துணைக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கஸ்பார் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். வெளியே போகிறேன் என்று சட்டை போட்டார், போகவில்லை. எங்கே போவார்?

திருகை இருநூற்றைம்பதில் வைத்தாள். முதல் பூச்சு கிரீம் கலர், மீன்காரி பேரம், கேஸ் சிலிண்டர் பையனின் மணி, அவளே தனக்குள் முணுமுணுத்துக்கொண்டது. ரெண்டாவது பூச்சு, மூன்றாவது பூச்சு. வழித்து வழித்துக் காலடியில் சுருள் சுருளாகக் குவிந்தது. அவளுடைய வருஷங்கள் ஒவ்வொன்றாக அவளுக்கு முன்னால் பேசிவிட்டுப் போயின, கொரோனா காலத்தில் வாசலுக்கு வெளியே நின்று அழுத நாத்தனார், சுனாமி வருகிறது என்று யாரோ பொய் சொன்னதும் தெருவே ஓடிய ஓட்டம், ஒன்பதாவது பூச்சில் டெய்சி டீச்சரின் வீட்டுக்காரர் சாவதற்கு நாலு நாள் முன்னால் வந்து "ஒரு கை சீனி இருக்குமா?" என்று கேட்டது. டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

பதிமூன்றாவது பூச்சு காப்பிப்பொடிக் கலர். சூடு காட்டினாள். கொப்புளித்தது.

"அத்தான்…" என்றது கதவு.

செரபீனா காலடியில் கிடந்த சுருள்களைப் பார்த்தாள். இது இருபத்திநாலு இல்லையே, பதிமூன்றுதானே. எண்ணிக்கை தப்பிவிட்டதா?

"அத்தான், மர்செலின் வந்திருக்கேன். அக்கா இருக்காளா?"

"எத்தன தடவ சொல்லுதது, இங்க வராதன்னு" என்றது கஸ்பாரின் குரல். மெதுவான, நல்ல குரல், இருபத்தெட்டு வருஷமாக அவள் தலையைத் தடவிய குரல்.

"தூரமா நின்னு ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன் அத்தான். அவ என்ன வஞ்சாலும் பரவாயில்ல."

கஸ்பாரின் குரல் இன்னும் இறங்கியது: "அவ இல்ல, மர்செலின். செத்துப்போயிட்டா. பங்குனியில. நெஞ்சுவலி."

டெய்சி டீச்சர் ஸ்டூலை விட்டு எழுந்தார். முறைப்படி போயிருக்க வேண்டும். ரெண்டு எட்டு வைத்தவர் திரும்பி வந்து, செரபீனாவின் முதுகில் கையை வைத்து அழுத்திவிட்டுப் பிறகுதான் போனார்.

பூச்சு கொப்புளித்துக்கொண்டே இருந்தது, செரபீனா தன் சாவுக்குத் தன் தங்கச்சி அழுவதைத் தன் வாசலில் நின்று கேட்டாள். அப்படி ஒரு அழுகை. "எனக்கு ஒரு வார்த்த சொல்லிவிட்டிருக்கக் கூடாதா அத்தான், முகத்தையாவது பாத்திருப்பேனே, எங்க வச்சிய எங்கக்காவ" என்று கேட்டாள். அம்மா அப்பா கல்லறையிலேயே வைத்தோம் என்றது அந்த நல்ல குரல், பெயர் வெட்ட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள் என்றது. "ஒரு மெழுகுதிரியாவது ஏத்திக்கிடட்டுமா?" "கல்லறைத் திருநாளுக்கு வா. சாயங்காலமா வா, காலையில கூட்டமா இருக்கும். இந்தத் தெருப்பக்கம் வராத, பாக்கவங்க ஒரு மாதிரி பேசுவாங்க."

அவள் மெஷினை அணைக்கவில்லை. அண்ணாச்சி சொன்னாரே, பாதியில் நிறுத்தக்கூடாது என்று. அழுதுகொண்டே ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே வழித்தாள். பதினெட்டாவது பூச்சு நீலம்: "உன் பேர எடுத்தாலே சோத்துத் தட்ட வீசுதா மர்செலின், இப்ப வேண்டாம்." அந்த வருஷம் முழுக்க அவள் தங்கச்சிக்காக வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள். இருபத்திரெண்டாவது பூச்சு பச்சை: "பிள்ளைக்கு ஞானஸ்நானம் அத்தான், அக்காதான் ஞானத்தாயா நிக்கணும். இந்தா பாருங்க, இறக்கிவிட்டா நிக்காம தவழுதா, அக்கா சாடை." "அக்காவுக்கு இன்னும் கோவம் தீரல. நான் சொல்லிப் பாக்கேன். அப்புறமா வா."

தவழ்ந்த பிள்ளை. கீழே ஒரு முழம். அதைத்தான் கரித்துவிட்டார்.

அந்தப் பூச்சை முழுக்க வழித்துவிட்டு அவள் உள்ளே போனாள். கஸ்பார் அதே மாதிரி சுவரைப் பார்த்துத்தான் இருந்தார்.

"ஏன்?" என்றாள்.

"முத தடவ நீ நெசமாவே கோவமாத்தான் இருப்பன்னு நினைச்சேன், செரபி. அப்புறமா சொல்லிக்கிடலாம்னு விட்டேன். ரெண்டாவது தடவ வந்தப்ப, முத தடவ வந்தத ஏன் சொல்லலன்னு நீ கேப்பியேன்னு…"

"மூணாவது தடவ என்னக் கொன்னியளே. அது ஏன்?"

அவர் போட்டிருந்த சட்டையின் பொத்தானைக் கழற்றினார்.

"பாதி வீடு அவளுக்கும் உண்டு. அதுக்காகவா?"

"அதுவுந்தான்" என்றார். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மனுஷன் அன்றைக்கு ஒரு உண்மையைச் சொன்னார். "வீட்டோட வந்தவன் நான். அவ வந்துட்டா என்ன யாரு சீந்துவா? உனக்கு அவதான உசுரு."

"தேடிப் போனியளே. ரெண்டு தடவ. தூசியும் தும்புமா வந்தியளே. கால் பிடிச்சுவிட்டேனே நான்!"

"பஸ் ஸ்டாண்டுலதான் இருந்தேன்" என்றார் கஸ்பார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் திரும்பி வந்து மிச்சத்தையும் சுட்டாள். இருபத்திநாலாவது பூச்சு வெள்ளை. முதலில் அவள் குரல்தான் வந்தது, அந்தக் கத்தல், நாக்கில் நெருப்பு. அதற்கப்புறம், இத்தனை வருஷமாக அவள் ஏங்கிக் கிடந்த அந்தக் கடைசிப் பேச்சு, சின்னக் குரலில்: "கோவம் போனதும் ஒரு சத்தம் குடுக்கா. நான் வந்துருதேன்." அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள். சத்தம் கொடுக்காத அக்காவிடம் மூன்று தடவை அவளாகவே வந்துமிருக்கிறாள்.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. பதினோரு நாளும் அவள் கஸ்பாரோடு பேசவில்லை, சோறு மட்டும் மூடிவைத்தாள். அவளுக்கு ஒன்று திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் கஸ்பார் அவளைக் கல்லறைக்கு விடிகாலையிலேயே கூட்டிப்போய்விடுவார், வெயிலுக்கு முன்னால் வந்துவிடலாம் என்பார். போனதும் அம்மா அப்பா கல்லறை மேல் போன வருஷத்து மெழுகு உறைந்து கிடக்கும், எப்போதும் மூன்று கட்டி. யாரோ புண்ணியவான் பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் ஏற்றியிருக்கிறான் என்று நினைத்து, கத்தியால் சுரண்டிச் சுத்தம் பண்ணுவாள். பன்னிரண்டு வருஷமாகத் தன் மெழுகைத் தானே சுரண்டிப் போட்டிருக்கிறாள்.

திருநாள் அன்றைக்கு விடிகாலையில் அவள் போகவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குத் தனியாகப் போய்க் கல்லறை ஓரத்தில் உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்து பூவும் புகையுமாகக் கிடந்தது. நாலரை மணிக்கு ஒரு பெண் வந்தாள், இருபத்திரெண்டு வயது இருக்கும், தோளில் பை, பஸ்ஸில் வந்த கசங்கல். இவளைப் பார்த்து, யாரோ வழிப்போக்கு அம்மா என்று நினைத்து, "கொஞ்சம் நகந்துக்கிடுதியளா?" என்றாள். அக்கா சாடையேதான். செரபீனா உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். மர்செலின் பின்னாலேயே வருவாள் என்று வாசல் பக்கமே பார்த்தாள்.

அந்தப் பெண் பையிலிருந்து மெழுகுதிரிகளை எடுத்து வைத்தாள். ஒன்று. ரெண்டு. மூன்று. நாலு.

"யாருக்கும்மா இதெல்லாம்?"

"இது தாத்தாவுக்கு. இது ஆச்சிக்கு. இது எங்க பெரியம்மாவுக்கு, எங்கம்மா வருஷா வருஷம் வந்து ஏத்துவாங்க." நாலாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "இது எங்கம்மாவுக்கு. போன மாசியில. நாகர்கோவில்லதான் வச்சோம், ஆனா எங்கக்கா பக்கத்துல எனக்கும் ஒண்ணு ஏத்துன்னு சொல்லிட்டுப் போனாங்க."

செரபீனா விரலை மடக்கி எண்ணினாள். ஒரு வருஷம்கூட முழுசாக இல்லை, எட்டு மாதம். எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தக் கதவு பேசியிருந்தால்! மணலில் கையை ஊன்றிக்கொண்டு, வயிற்றிலிருந்து வந்த ஒரு சத்தத்தில் அவள் அழுதாள், அந்தப் பெண் பயந்துபோய்த் தோளைப் பிடித்துக்கொண்டு "யாரு அம்மா நீங்க, யாரு நீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். செரபீனா கையை நீட்டி மூன்றாவது மெழுகுதிரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத ஏத்தாத, தாயி" என்றாள். "இது எனக்குள்ளது."

அந்தப் பெண்ணின் பெயர் ஜெசிந்தா. எல்லாவற்றையும் கேட்டு முடிக்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்று திரியை ஏற்றிவிட்டு, ரெண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு மணல்மேட்டுத் தெருவுக்கு நடந்து வந்தார்கள். தெருவே வாசலுக்கு வந்து நின்றது. டெய்சி டீச்சர் நின்றார், கடையைப் பாதியில் விட்டுவிட்டு லிகோரி அண்ணாச்சி வந்தார்.

பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக் கதவு பூச்சில்லாமல், மரத்தின் ரேகை தெரிய, இருபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக ஒழுங்காக மூடியிருந்தது. செரபீனா ஜெசிந்தாவின் காதில் ஏதோ சொன்னாள். அவள் போய்த் தட்டினாள்.

கஸ்பார் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியப்பா, நான் மர்செலின் மக" என்றாள் ஜெசிந்தா. "எங்க பெரியம்மா இருக்காங்களா?"

கஸ்பார் அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் படிக்குக் கீழே நிற்கிற தன் பெண்டாட்டியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"இருக்கா" என்றார்.

"இவ்வளவுதான?" என்றாள் செரபீனா. "இத மர்செலின்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"